அம்மா படிப்பதற்குள் எழுத்து ஓடிவிட்டது

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கதையை வீடியோவாக எடுத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் போன மாதம் எடுத்தேன். அம்மாவின் கதை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ போய்விட்டது.

எங்கள் கிளை நூலகத்தில், செப்டம்பர் 8 எழுத்தறிவு நாளுக்குத் திரையிட உள்ளூர்க்காரர்களின் கதைகளை ஆறு நிமிட வீடியோவாகக் கேட்டிருந்தார்கள். நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம், குடுமியான்மலைப் பக்கம். 1991 ஜூலையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. கோயில் திண்ணையில் ஒரு அரிக்கேன் விளக்கு. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு, தூசி போகக் குளித்துவிட்டு வந்து உட்காரும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகிப் போய்விட, அந்தக் கூட்டத்துக்கு நானே வாத்தியார் ஆனேன். என்னிடம் படித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி.

இதைவிட நல்ல கதை கிடைக்குமா? உட்கார்ந்து இரண்டே மணி நேரத்தில் உரை எழுதிவிட்டேன். ‘அந்த மங்கிய விளக்கொளியில் என் தாய்க்கு நான் பொறுமையாக எழுத்தறிவித்தேன்’ என்பது முதல் வரி. பின்னணிக்குப் புல்லாங்குழல். தொடக்க அட்டைக்கு ஒரு கணக்கு: 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 51 சதவீதம்.

முதல் நாள் எடுத்தது முழுக்க வீண். ஃபேன் சத்தம். மறுநாள் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கி, ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்தோம். வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “நான் உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தேன், சொல்லு” என்றேன். எழுதி வைத்த வரிக்குத் தோதாக ஏதாவது வரும் என்ற நம்பிக்கைதான்.

“இவ எங்க சொல்லிக்கொடுத்தா? திட்டுனா” என்று ஆரம்பித்தார். “ழ போட வரலன்னு சிலேட்டப் பிடுங்கி, எச்சியத் தொட்டு அழிச்சா. எல்லாப் பொம்பளைகளும் பாத்துக்கிட்டு இருந்தாளுக. மறுநாள் நான் போகல.”

சத்தியமாக எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனை நாள் போகாமல் இருந்தாய் என்று கேட்டேன். இரண்டு மாதமாம்! அப்புறம் ஏன் திரும்பி வந்தாய்? “சைக்கிள் பழக்குறாகன்னாக. அதுக்கு வந்தேன்.”

1992-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி வழியாகப் பெண்கள் சைக்கிள் பழகிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் காட்டிய ஆர்வமும், கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய்ப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டியதும் எழுதப்பட்ட விஷயங்கள். அம்மாவுக்கும் பார் வைத்த சைக்கிள்தான் பிடித்திருந்தது. பாரில் தம்பியை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். நான் ‘எழுத்து’ என்று கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா சைக்கிளில்தான் பதில் சொன்னார். அறிவொளி என்றால் அவருக்கு முதலில் சைக்கிள், அப்புறம் கையெழுத்து, அதற்கும் அப்புறம்தான் வாசிப்பு. இத்தனை வருடமாக நான் அந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எழுதிய உரையில் பாதியைத் தூக்கிப் போட்டேன். முதல் வரி போனதில்தான் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இடையில் செருக நல்ல காட்சி வேண்டுமே என்று குடுமியான்மலைக் கோயிலுக்கும் போனோம். குன்றில் வெட்டியிருக்கும் பழைய இசைக் கல்வெட்டு தெரியும்தானே? அதன் முன்னால் அம்மா நிற்பதுபோல எடுத்தால் ‘எழுத்து’ என்ற விஷயம் பிரமாதமாக வரும் என்று ஒரு கணக்கு. அம்மா பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ படிச்சவதான? என்ன எழுதியிருக்கு, படி.” பல்லவ கிரந்தம் என்ற பழைய எழுத்து, சமஸ்கிருத மொழி. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. “அது வேற எழுத்தும்மா” என்றேன். “எனக்கு எல்லாமே வேற எழுத்தாத்தான் இருந்துச்சு” என்றார். அந்த நேரம் பார்த்து கேமராவை அணைத்து வைத்திருந்தேன்! திரும்பச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அதுவும் சரிதான்.

ஆனால் நான் எழுத வந்தது இதெல்லாம் இல்லை. வெட்டி ஒட்டி, கீழே எழுத்து போட்டு, டிவியில் இணைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் கீழே ஓடும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார். பாதி வருவதற்குள் வரி மாறிவிடுகிறது. அடுத்ததைப் பிடிக்கிறார், அதுவும் போய்விடுகிறது. மூன்று நிமிடம் இப்படியே. கடைசியில், “ஏத்தா, இப்பவும் இந்த ஓட்டு ஓட்டுற?” என்றார்.

படிக்கக் கற்றுக்கொண்டவரைப் பற்றிய வீடியோ. அதை அவரால் படிக்க முடியவில்லை.

நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அப்போது இன்னொன்றையும் பிடித்துவிட்டார். “நான் ‘போகல’ன்னுதான சொன்னேன்? இதுல ‘செல்லவில்லை’ன்னு போட்டிருக்கு. அது யாரு சொன்னது?” தானியங்கி எழுத்தில் பிழை மலிந்திருந்ததால் நானே உட்கார்ந்து நல்ல தமிழில் திருத்தியிருந்தேன். நல்ல தமிழ் என்று நான் நினைத்துக்கொண்டது.

திரும்ப உட்கார்ந்தேன். அம்மா பேசியதை அப்படியே ‘பாத்துக்கிட்டு’, ‘பழக்குறாக’ என்று போட்டேன். வரிக்கு மூன்று சொல், அதற்கு மேல் இல்லை. இரண்டு மூன்று நொடியில் மாறிக்கொண்டிருந்த வரியை எட்டு நொடி நிறுத்தினேன். பேச்சு வழக்கை அச்சில் பார்த்துப் பழகாதவர் ஆயிற்றே, திணறுவாரோ என்று பயந்தேன். தான் சொன்ன சொல் என்பதாலோ என்னவோ, வேகமாகவே படித்தார். ஆனால் வீடியோ ஒன்பதரை நிமிடமாகிவிட்டது. 51 சதவீத அட்டையை வெட்டினேன், என் குரல் வரும் இடங்களை வெட்டினேன், கல்வெட்டை வெட்டினேன். அப்படியும் ஏழே முக்கால். நூலகர் நல்ல மனிதர், வாங்கிக்கொண்டார்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். குறிப்பாக, படம் எடுக்கப்பட்டவர் அதைப் பார்த்தபோது என்ன சொன்னார் என்று.

மறுமொழி: பழைய தொண்டர்

நானும் 91-இல் உங்கள் பக்கத்தில்தான் சைக்கிளில் அலைந்தேன். தட்டச்சு செய்வது மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். அம்மா தான் சொன்னதையே திரும்பப் பார்த்து வேகமாகச் சொல்வது வாசிப்பு இல்லை, ஞாபகம். பயிற்சியில் எங்களுக்கு இதைத்தான் எச்சரிப்பார்கள்: படத்தைப் பார்த்துச் சொல்கிறாரா, எழுத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனி.

இப்படிச் சொல்லிவிட்டு நானே யோசிக்கிறேன். நம் அறிவொளிப் புத்தகம் அ, ஆ என்று தொடங்கவில்லையே. பட்டா, படி என்றுதான் தொடங்கியது. ப, ட இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள், கைக்குச் சுலபமாக வரும் என்பது ஒரு காரணம். பட்டா என்றால் என்ன என்று எந்தக் கூலிக்காரருக்கும் விளக்க வேண்டாம் என்பது இன்னொன்று. வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத்தான் கண்ணுக்குக் கொடுத்தோம். ஆக, நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மறுமொழி: மாலை வகுப்பு

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கிறேன். 15 வயதுக்கு மேல் யாரும் வரலாம். என் வகுப்பில் வருகிறவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காக்கள். ஒருவரிடம் வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். “முகத்த எடுக்காத தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு என் மருமகளுக்குத் தெரியாது” என்றார். ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள்! செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாராம்.

கையை மட்டும் எடுத்தேன். அதையும் எங்கேயும் போடவில்லை. என் போனிலேயே இருக்கிறது, அவர் கேட்கும்போது மட்டும் காட்டுவேன். முதல் மாதக் கை, நாலாவது மாதக் கை. பேனாவைப் பிடிக்கிற விதமே மாறியிருக்கிறது.

மறுமொழி: ஆறு புள்ளி

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிரெயில் கற்ற கதையை அக்கா மகன் வீடியோ எடுத்தான். நான் பார்க்க முடியாத வீடியோ, என்னைப் பற்றியது. சரி, எடுக்கட்டும் என்று விட்டேன்.

முடித்துப் போட்டுக் காட்டியபோது முழுக்க வயலின். என்னப்பா நடக்கிறது என்று கேட்டேன். “நீங்க எழுதுறீங்க மாமா, விரல க்ளோஸ்-அப்ல காட்டுறேன்” என்றான். எழுதும் சத்தம் எங்கே? சட்டத்தில் தாளை மாட்டி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் வலமிருந்து இடமாகக் குத்துவோம், தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். விடுதியில் ராத்திரி நாற்பது பையன்கள் சேர்ந்து எழுதினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். என் படிப்பு என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். இசையை எடுக்கச் சொன்னேன். அவனுக்கு மனமில்லை, வெறிச்சென்று இருக்கும் என்றான். ரொம்ப நேரம் வாதாடித்தான் எடுக்க வைத்தேன்.

உங்கள் வீடியோவில் அம்மா சிலேட்டில் எழுதும் இடம் இருக்கிறதா? அங்கே என்ன கேட்கிறது?

மறுமொழி: முதலில் எழுதியவர்

இருக்கிறது. ழ எழுதுகிறார், பதினோரு நொடி. பலப்பம் கிறீச்சிட்டிருக்கும். எனக்கு ஞாபகமில்லை, ஏனென்றால் அதன் மேல்தான் புல்லாங்குழலைப் போட்டிருக்கிறேன். அசல் பதிவு பழைய போனில் இருக்கிறது. சார்ஜ் போட்டிருக்கிறேன்.