வகுப்புக்கு விக்கி எதற்கு, கையெழுத்துப் பத்திரிகை போதாதா?

அரூர் வாத்தியார்
இந்தப் பருவத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடுகற்களைப் பற்றி ஒரு வகுப்பு விக்கி எழுதினார்கள். எல்லோரும் திருத்தக்கூடிய பக்கங்கள் அவை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் அழியாமல் இருக்கும். ஆசிரியர் கூட்டத்தில் காட்டினேன். "பாடத்தை விட்டுவிட்டு இது எதற்கு?" என்று கேட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகல் இருக்கும். வேடியப்பன் என்று கும்பிடுவோம், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஒரு மாணவி ஊத்தங்கரைப் பக்கத்து ஊர் ஒன்றைத் தருமபுரி மாவட்டம் என்று எழுதினாள். ஒரு பையன் கிருஷ்ணகிரி என்று மாற்றினான். அவள் மறுபடி தருமபுரி ஆக்கினாள். ஒரு வாரம் இதே கதை. அப்புறம், விக்கியில் விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் அவன் கேட்டான்: "நீ எதைப் பார்த்து எழுதினாய்?" அவள் பார்த்தது நூலகத்தில் இருந்த பழைய புத்தகம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். புத்தகம் அதற்கு முன்பே அச்சானது. புத்தகத்தை எடுத்தால் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

பாலக்கோடு தமிழாசிரியை
சார், அந்தச் சண்டை நல்ல பாடம், மறுக்கவில்லை. ஆனால் அது விக்கியால் வந்ததா, நீங்கள் நல்ல தலைப்பு கொடுத்ததால் வந்ததா? நான் பல வருடமாகக் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன். எழுதுவதற்கு முன் பிள்ளை யோசிக்கிறது, ஏனென்றால் அடித்தால் தாள் அசிங்கமாகும். விக்கி என்ற சொல்லுக்கே ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்றுதான் பொருள். எனக்குப் பயமே அந்தச் சீக்கிரத்தில்தான். எப்படியும் திருத்திக்கொள்ளலாம் என்றால் யோசிக்காமல் எழுதுவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டி, ஒப்படைப்பு என்று கொண்டுவந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரூர் வாத்தியார்
டீச்சர், அடித்தால் அசிங்கம் என்ற அந்தப் பயம்தான் என் பிரச்சினையே. கையெழுத்துப் பத்திரிகையில் நன்றாக எழுதும் பிள்ளையின் பக்கத்தை இன்னொரு பிள்ளை தொடாது. தப்பு என்று தெரிந்தாலும் தொடாது. விக்கியில் பழைய வடிவம் பத்திரமாக இருப்பதால் கை வைக்கத் துணிச்சல் வருகிறது.

எடுத்து ஒட்டுவது எங்களுக்கும் நடந்தது. ஆனால் எங்கள் ஊர் நடுகல்லைப் பற்றி ஒட்டுவதற்கு எங்கும் எதுவும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால்தான் எழுத முடியும்.

காவேரிப்பட்டணம் அம்மா
நான் ஆசிரியை இல்லை, எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு அம்மா. எங்கள் வீட்டில் ஒரே போன். மாங்காய் சீசனில் அதுவும் அவள் அப்பாவோடு மண்டிக்குப் போய்விடும். முன்பு படித்த பள்ளியில் இப்படித்தான் வலைப்பதிவு எழுதச் சொன்னார்கள்; இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதினாள். முழுப் பெயர், வகுப்பு, போட்டோ எல்லாம் பொதுவில் போட்டுவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் பிள்ளை போட்டோவை யார் யார் பார்த்தார்களோ என்று எனக்குப் பல நாள் தூக்கமில்லை.

ஓசூர் கணினிக்காரர்
அக்கா, உங்கள் கோபம் நியாயம். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்தைக் கையாள, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஆனால் வகுப்பு விக்கிக்கு இணையமே வேண்டாம். டோக்குவிக்கி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தரவுத்தளம் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் சாதாரண உரைக் கோப்பு. ஆய்வகத்தில் ஒரு கணினியில் போட்டால் கேபிளில் இணைந்த மற்ற கணினிகளில் திறக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. புனைபெயரிலேயே எழுதலாம்.

வலைப்பதிவையும் விக்கியையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். "நான் போனேன், பார்த்தேன்" என்பது வலைப்பதிவுக்கு உரியது, அதில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, கீழே கருத்துச் சொல்லலாம். கல் எங்கே இருக்கிறது, எத்தனை அடி உயரம் என்பது விக்கிக்கு. இன்னொன்று: பாட்டி சொன்ன கதையை விக்கிப்பீடியாவில் போட்டால் நிற்காது, ஏற்கெனவே வெளியான சான்று கேட்பார்கள். வகுப்பு விக்கியில் பாட்டியையே சான்றாகக் காட்டலாம்.

பாலக்கோடு தமிழாசிரியை
அரூர் சாரிடம் நேராகவே கேட்கிறேன். பக்க வரலாற்றில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்களே, எண்ணிப் பார்த்தீர்களா? எத்தனை பிள்ளைகள் உண்மையில் எழுதினார்கள்? என் அனுபவத்தில் கணினிக்கு முன் ஒரு பையன் உட்காருவான், மூன்று பெண்கள் பின்னால் நிற்பார்கள்.

அரூர் வாத்தியார்
எண்ணினேன். முதல் மாதம் ஏழெட்டுப் பேர்தான் எழுதியிருந்தார்கள், நீங்கள் சொன்ன மாதிரியேதான். அதைவிட எனக்கு வலித்தது வேறு. தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு, கல்லை முழம் போட்டு அளந்து வந்த பையனின் பெயர் வரலாற்றில் ஒரு இடத்தில்கூட இல்லை. அவன் சொன்னான், இன்னொருவன் தட்டினான். அவன் வீட்டில் தெலுங்கு. தமிழில் தப்பு வந்துவிடும் என்று ஒதுங்கியிருந்தான்.

அதன் பிறகு ஒரு விதி வைத்தேன்: யார் கொண்டுவந்த செய்தியோ அவரே தட்ட வேண்டும், எவ்வளவு நேரமானாலும். எழுத்துப் பிழையை மற்றவர்கள் அப்புறம் திருத்தட்டும். இப்போது அவன் பெயர் இருக்கிறது. வேகம் பாதியாகிவிட்டது என்பதும் உண்மை.

பாலக்கோடு தமிழாசிரியை
வேகம் குறைந்தது எனக்குச் சந்தோஷம்தான் சார். வாரம் ஒரு பிரிவேளை என்றால் ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் மாட்டேன், பொதுத்தேர்வு இருக்கிறது. முதல் வரைவு நோட்டில்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓசூர் தம்பி, எங்கள் ஆய்வகக் கணினிகள் பழையவை. அந்த மென்பொருள் ஓடுமா?

ஓசூர் கணினிக்காரர்
ஓடும் டீச்சர். தமிழ் எழுத்துரு சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் அம்மா
இணையம் இல்லாமல், பள்ளி நேரத்திலேயே என்றால் எனக்குச் சம்மதம். என் பெண்ணுக்கு மாங்கன்று ஒட்டுக் கட்டத் தெரியும், அவள் தாத்தா சொல்லிக்கொடுத்தது. அதை எழுதச் சொன்னால் எழுதுவாள். ஆரம்பிக்கும் முன் எங்களிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.