விளக்கெண்ணெய் பெட்ரோலில் கரையுமா, கரையாதா?

லேத்து_மணி:
காலையிலிருந்து மூணு குரூப்புல ஒரே ஃபார்வேர்டு. "டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட கலக்கற 2டி ஆயிலே வேண்டாம். மரச்செக்கு விளக்கெண்ணெயை லிட்டருக்கு 20 மில்லி பெட்ரோல்ல ஊத்துங்க. முதல் உலகப்போர் விமானமே இதுலதான் பறந்துச்சு, கம்பெனிக்காரன் மறைச்சுட்டான்." எழுதின புண்ணியவான் இங்கேயும் இருக்காரு, அதனால இங்கேயே கேக்கறேன். விளக்கெண்ணெய் பெட்ரோல்ல கரையுமா, கரையாதா?

செக்கடி:
எழுதினது நான்தான், ஒளிய அவசியமில்லை. நோம், லெ ரோன்னு அந்தக் கால விமான ரோட்டரி இன்ஜின் எல்லாம் ஆமணக்கெண்ணெய்லதான் ஓடுச்சு. காஸ்ட்ரால்ங்கற ஆயில் பேரே 1909ல காஸ்டர், அதாவது ஆமணக்குல இருந்து வந்ததுதான். அந்த எண்ணெய்ல ரிசினோலிக்ங்கற கொழுப்பு அமிலம் 85–90 சதவீதம். அதுல இருக்கற ஹைட்ராக்சில் உலோகத்தோட ஒட்டிக்கும். 100 டிகிரிலயும் கெட்டித்தன்மை 19, 20 சென்டிஸ்டோக்ஸ் நிக்குது, படலம் கிழியாது. ரேஸ்காரன் இன்னிக்கும் ஆமணக்கெண்ணெய்ல செஞ்ச ஆர்40 ஆயிலைத் தேடி வாங்கறான். வேற என்ன வேணும்?

லேத்து_மணி:
வேற ஒண்ணும் வேணாம், கேட்டதுக்குப் பதில் வேணும். ரோட்டரில இன்ஜின் முழுசும் சுத்தும், பெட்ரோல் கிராங்க்கேஸ் வழியாத்தான் சிலிண்டருக்குப் போகும். பெட்ரோலிய மினரல் ஆயில் இருந்தா பெட்ரோல் அதைக் கழுவிட்டுப் போயிடும். விளக்கெண்ணெய் பெட்ரோல்ல லேசுல கரையாது, அதனாலதான் அதை ஊத்தினான்! அதுவும் தனி பம்ப்ல. டேங்க்ல கலக்கல. நீங்க நெஞ்சை நிமித்திக் காட்டற சாட்சியே உங்களுக்கு எதிர்சாட்சி.

ஆர்எக்ஸ்_ரசிகன்:
எண்ணெயைத் தனி டேங்க்ல இருந்து இன்ஜினுக்கு அனுப்பற ஆட்டோலூப் பம்ப் இருக்கற வண்டில தனியா ஊத்தலாமே அண்ணே? அப்போ கரையற பிரச்சினையே இல்லையே.

லேத்து_மணி:
இருக்கு தம்பி. வேற ரூபத்துல. 2டி ஆயில்ல மண்ணெண்ணெய் ரகக் கரைப்பான் சேர்த்து இளக்கி வெச்சிருப்பான், ஏன்னா அது மெல்லிசு டியூப்ல தானா இறங்கி பம்புக்கு வரணும். விளக்கெண்ணெய் 40 டிகிரிலயே சுமார் 250 சென்டிஸ்டோக்ஸ். மார்கழிக் காலைல 20 டிகிரின்னா அதைப்போல நாலு மடங்கு. தேன் இறங்கற மாதிரி இறங்கும். டியூப்ல ஒரு காத்துக் குமிழி நின்னா போதும், பம்ப் சுத்தும், எண்ணெய் வராது, பிஸ்டன் ஜாம்.

செக்கடி:
வெண்டைக்காயை விளக்கெண்ணெய்ல வதக்கின மாதிரி வழவழன்னு பேசறீங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். ஆமணக்கெண்ணெய் ஆல்கஹால்ல முழுசாக் கரையும். மெத்தனால்ல ஓடற ஸ்பீட்வே பைக்குக்கு அதானே ஊத்தறான்? மாடல் விமானத்தோட குட்டி கிளோ இன்ஜின்லயும் எரிபொருளோடயே கலந்துதானே வருது?

லேத்து_மணி:
கலந்து வர்றது மெத்தனால்ல. நான் கேட்டது பெட்ரோல்ல. சரி, எத்தனாலுக்கே வாங்க. மூடி சரியில்லாத டேங்க், மழைக்காலம், கொஞ்சம் தண்ணி. எத்தனால் தண்ணியைப் புடிச்சுக்கிட்டு அடியில இறங்கும். அப்போ உங்க எண்ணெய் யாரோட போகும்? மேலேயா கீழேயா?

செக்கடி:
தண்ணி விட்டா 2டி ஆயில் வண்டி மட்டும் ஓடுமா?

லேத்து_மணி:
ஓடாது. ஆனா கேள்வி அதுவா?

பழைய_ஸ்பேனர்:
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு ஒரு பாட்டிலை எடுங்கப்பா. கண்ணாடி பாட்டில்ல 100 மில்லி பெட்ரோல், 4 மில்லி விளக்கெண்ணெய். நல்லாக் குலுக்கி ஒரு ராத்திரி அப்படியே வெச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. கலங்கலா இருந்தாலோ அடியில கோடு விழுந்தாலோ டேங்க்கிலயும் அதான் நடக்கும். பெட்ரோல் குழாய் அடியில இருந்துதானே எடுக்குது? முதல்ல எண்ணெயாவே வந்து பிளக்கை நனைக்கும், அப்புறம் வெறும் பெட்ரோல் வந்து பிஸ்டன் ரிங்கைத் தின்னும். வீட்டு ஃபிரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதீங்க, பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

செக்கடி:
குலுக்கிட்டு ஓட்டினா? தினமும் ஓடற வண்டில டேங்க் ஆடிக்கிட்டேதானே இருக்கு.

லேத்து_மணி:
அப்போ கரையாது, குலுக்கணும்னு ஒத்துக்கறீங்க. சந்தோஷம்.

செக்கடி:
நான் எதையும் ஒத்துக்கல. வார்த்தையைத் திரிக்காதீங்க. முன்னாடி செயின் எண்ணெய் விவாதத்துல பண்ணின அதே வேலை.

ஓரமா_நிக்கிறேன்:
ஜெர்மனில மரம் அறுக்கற செயின்சால செயின் ஓடற பாருக்கு ராப்சீட் எண்ணெய்தானே ஊத்தறாங்க? தாவர எண்ணெய் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது?

லேத்து_மணி:
அது ஊத்தி, ஓடி, மண்ணுல சிந்திப்போற எண்ணெய். அங்க மினரல் ஊத்தினா காடு நாறும், அதனால தாவர எண்ணெய்தான் சரி. அதையுமே மாசக்கணக்குல அப்படியே விட்டா செயின் பாரோட ஒட்டிக்கும். இன்ஜினுக்கு அடியில சம்ப்ங்கற தொட்டில தங்கி மாசக்கணக்குல வேகற எண்ணெய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஃபோர் ஸ்ட்ரோக்ல சூரியகாந்தி ஊத்தினா, எண்ணெய் எவ்வளவு கூழாகும்னு காட்டற அயோடின் எண் 120க்கு மேல, கூழாகும். தேங்காயெண்ணெய் 10க்குள்ள, கூழாகாது, ஆனா 24 டிகிரில உறைஞ்சுடும். கொடைக்கானல் ஏறினா ஆயில் பம்ப் எதை உறிஞ்சும், பர்பியையா?

செக்கடி:
தேங்காயெண்ணெயை யாரும் சொல்லல. நீங்களே பொம்மை செஞ்சு நீங்களே அடிக்கறீங்க.

பழைய_ஸ்பேனர்:
கரையறதை விடுங்க. பிசின் கதையை யாருமே பேசல. சூடேறினா விளக்கெண்ணெய் வார்னிஷாப் படியும். பிஸ்டன் பழுப்பாகும், ரிங் பள்ளத்துல இறுகி ரிங் அசையாது, கம்ப்ரெஷன் போயிடும். மண்ணெண்ணெய்ல கழுவினா போகாது. மாடல் இன்ஜின்காரங்க எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்ல மணிக்கணக்கா மெதுவாச் சூடாக்கி எடுப்பாங்க, அதுக்குன்னே ஒதுக்கின பாத்திரத்துல, வெளியில வெச்சு. அது விஷம். காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம், அலுமினியத்தையே தின்னுடும்.

செக்கடி:
அது கடைல தீபத்துக்கு விக்கற எண்ணெய்க்கு. பசை நீக்கின ரேஸிங் ரகத்துல ரொம்பக் குறைவு.

லேத்து_மணி:
ஃபார்வேர்டுல "மரச்செக்கு"ன்னு எழுதினது யாரு? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடறேன், "பசை நீக்கின"ங்கற வார்த்தையே அதுல இல்லை. செக்குல ஆட்டினதுல பசை, ஈரம், அமிலம் மூணும் இருக்கும். சரி, உங்க உயர்ந்த ரகத்துக்கே வர்றேன். அது பெட்ரோல்ல கரையுமா?

ஆர்எக்ஸ்_ரசிகன்:
அண்ணே, 20 மில்லின்னா அது 20:1 தானே? பழைய வண்டிக்கு அதானே கணக்கு?

பழைய_ஸ்பேனர்:
ஐயோ இல்லைப்பா. லிட்டருக்கு 20 மில்லின்னா 50:1. 20:1ன்னா 50 மில்லி. இதுல தப்பினவன் வண்டிதான் பாதி ஒர்க் ஷாப்ல நிக்குது. இன்னொண்ணு, எண்ணெய் ஏற ஏற கார்புரேட்டரோட அதே ஜெட் துளையில பெட்ரோல் குறையும், கலவை லீன் ஆகும், சூடு ஏறும். கெட்டி எண்ணெய்னா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்திட்டு பிளக் நிறத்தைப் பாருங்க.

செக்கடி:
பாருங்க, ஸ்பேனர் ஐயாவே ஜெட் சைஸ் சொல்றாரு. ஊத்தலாம்னுதானே அர்த்தம்?

பழைய_ஸ்பேனர்:
என்னை எதுக்குப்பா உங்க பக்கம் இழுக்கறே? அது எந்தக் கெட்டி எண்ணெய்க்கும் பொது.

லேத்து_மணி:
பாட்டில் டெஸ்ட் பண்ணிட்டு ராத்திரி வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, காலைல ஒண்ணுன்னு போட்டோ போடுங்க. அதுவரைக்கும் ஃபார்வேர்டை நிறுத்துங்க.

செக்கடி:
முதல்ல நீங்க போடுங்க. லேத்து வெச்சிருக்கீங்க, பாட்டில் இல்லையா?

லேத்து_மணி:
சொன்னது நீங்க, நிரூபிக்க வேண்டியது நான்? எண்ணெய்ச் செலவே தவிர பிள்ளை பிழைச்ச பாடில்லை. கரையுமா, கரையாதா?

ஆர்எக்ஸ்_ரசிகன்:
அப்போ 25:1ன்னா 40 மில்லி, சரிதானே?