கூடுப்பெட்டி மாட்டப் போன இடத்தில் பார்த்தவை

கீழே நின்று பைனாகுலரைத் தூக்கினாலே பறந்துவிடும் செம்மார்புக் குக்குறுவான், நான் ஏணியில் ஏறி அசையாமல் நின்றபோது அடுத்த கிளையிலேயே வேலையைத் தொடர்ந்தது. பட்டுப்போன கிளை. அதன் அடிப்பக்கத்தில் துளை போட்டிருந்ததால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே போகும், அலகு நிறைய மரத்தூளோடு வெளியே வரும், தலையை உதறிக் கொட்டிவிட்டுத் திரும்ப நுழையும். பறவைகள் கூடு வைப்பதற்காக மாட்ட வந்த மரப்பெட்டியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி தேவைப்படுவது மரம் குடையத் தெரியாத பறவைகளுக்குத்தான். சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை எல்லாம் அந்த வகை. குக்குறுவானும் மரங்கொத்தியும் விட்டுப்போன பொந்தோ, தானாக உளுத்த ஓட்டையோ, சுவரில் ஒரு சந்தோ கிடைத்தால்தான் இவற்றுக்குக் குடும்பம்.

சிட்டுக்குருவிக்கான பெட்டியில் துளையை 32 மி.மீ. அளவில் வைத்திருந்தோம். மறுநாளே ஒரு மைனா வந்து தலையை நுழைத்துப் பார்த்தது. உடம்பு போகவில்லை, கத்திவிட்டுக் கிளம்பியது. பிறகுதான் கறுப்புத் தொண்டையோடு ஆண் குருவி வந்து வாசலில் தொற்றிக்கொண்டது. துளைக்குக் கீழே குச்சி வைக்காதது நல்லது. குருவிக்கு அது வேண்டாம், முட்டை திருட வருபவற்றுக்குத்தான் அது கால் வைக்க வசதி. குஞ்சு பொரித்தபின் தாயும் தகப்பனும் மாறி மாறிப் பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்ததைப் பார்க்க வேண்டுமே! தானியம் தின்னும் பறவைதான், ஆனாலும் குஞ்சுக்கு முதலில் பூச்சி வேண்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் எத்தனை பெட்டி மாட்டி என்ன பயன்?

குண்டுக்கரிச்சானுக்குத் துளை பெரிதாக வேண்டும். ஆண் உச்சிக்கிளையில் வாலைத் தூக்கிப் பாடிக்கொண்டிருக்க, பெண்தான் புல்லும் வேரும் சுமந்து பெட்டிக்குள் போய்வந்தது.

ஒரு மாலை, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரு முதிர்ந்த மரத்தைச் சுற்றிக் கூச்சல் போட்டன. பாம்போ என்று போய்ப் பார்த்தால், அடிமரப் பிளவிலிருந்து புள்ளி ஆந்தை தலையை ஏற்றி இறக்கி எங்களை அளந்துகொண்டிருந்தது. அந்த மரத்தில் பெட்டி மாட்டவில்லை. அதற்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது.

குக்குறுவான் குடைந்த பட்ட கிளையை வெட்டிவிடலாம் என்று இடத்துக்காரர் சொன்னார். ஆள் நடக்கும் வழிக்கு மேலே அது இல்லை என்பதைக் காட்டி, விட்டுவைக்கும்படி கேட்டேன். சம்மதித்துவிட்டார். பெட்டியை வேறு மரத்துக்கு மாற்றிக் கட்டினோம்.