மேல்வீட்டு ஐயாவோட எப்பிடிக் கதைக்கிறது? யோசனை சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு தொடர்மாடியில இருக்கிறம். போன கிழமை அம்மா மாடிப்படியில கொஞ்சம் தண்ணி சிந்திப்போட்டா. அதுக்கு மேல்வீட்டு ஐயா லிஃப்ட் வாசல்ல நாலு பேர் பார்க்க, "படிக்காத சனம்" எண்டு தொடங்கி வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டார். அம்மா ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்ல. பழைய சாரத்துண்டு ஒண்டை எடுத்துக்கொண்டு போய், அவர் நிண்ட படி வரைக்கும் துடைச்சிட்டு வந்தா. அண்டைக்கு இரவு சாப்பிடேல்ல.

தம்பி பொலிசுக்குப் போவம் எண்டு நிக்கிறான். அம்மா விடுறா இல்லை. "மனுசி போன பிறகு அந்தாள் தனிய, பாவம்" எண்டுறா. எனக்கும் அம்மான்ர பக்கம்தான் மனசு. ஆனால் பேசாமல் விட்டால் நாளைக்கும் ஏசுவாரே, அம்மா அதைத் தாங்கமாட்டா.

மத்தியஸ்த சபை பற்றி யோசிச்சனான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. அவை தீர்ப்புச் சொல்லுறேல்ல, ரெண்டு பக்கத்தையும் இருத்திக் கதைக்க வைச்சு இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பினம். அயலவரோட இப்பிடிப் பிரச்சினைக்கு ஆராவது போனனீங்களோ? பிறகு முகம் பார்த்துக் கதைக்க முடிஞ்சுதோ? கொழும்பில தமிழில கதைக்கலாமோ?

இல்லாட்டி நானே நேரில போறது நல்லமெண்டால், முதல் வார்த்தையா என்ன சொல்லலாம்? தம்பி சனிக்கிழமை மேல போகப்போறானாம், அதுக்கு முதல் பதில் போடுங்கோ.