ராத்திரி நேரம், நாலுவழிச் சாலை, வலது பக்க டயர் பஞ்சர்: என்ன செய்யணும்?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். மாசத்துக்கு ரெண்டு தடவை சென்னையிலிருந்து மதுரைக்கு நானே கார் ஓட்டிட்டுப் போறேன். கூட அம்மா வருவாங்க, 70 வயசு, முட்டிவலி. வண்டி சின்ன ஹேட்ச்பேக், மேனுவல் கியர். 15 இஞ்ச் அலாய் வீல், வீலுக்கு நாலு நட்டு. ஸ்டெப்னி மட்டும் 14 இஞ்ச் இரும்பு வீல்.

வீட்டு பார்க்கிங்ல ஸ்டெப்னி மாத்திப் பழகலாம்னு உட்கார்ந்தேன். வண்டியோட வந்த ஸ்பேனரால நட்டு அசையவே மாட்டேங்குது. இது ஒண்ணு. வலது பக்கம் பஞ்சர் ஆனா, பஸ்ஸும் லாரியும் பறக்கிற பக்கமா முதுகைக் காட்டிட்டு உட்காரணுமே, அதை எப்படிச் சமாளிக்கறது? அம்மாவை வண்டிக்குள்ளேயே உட்கார வைக்கலாமா?

மைல்கல் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: வேண்டாம். அம்மாவை இறக்குங்க. நின்ன வண்டியில பின்னால வர்ற லாரி மோதினா உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் முதல் அடி. இடது பக்கக் கதவு வழியா இறக்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. நிக்க வேண்டியது காருக்கு முன்னால இல்ல, பின்னால, அதாவது வண்டிகள் வர்ற திசையில, பத்துப் பதினைஞ்சு மீட்டர் தள்ளி. மோதினா கார் முன்னாலதான் தள்ளப்படும். முட்டிவலிக்காரங்களால தடுப்பைத் தாண்ட முடியாது; அதுக்காகவே தடுப்பு முடியற இடமாப் பாத்து நிறுத்தணும். மடிக்கிற ஸ்டூல் ஒண்ணு டிக்கியில கிடக்கட்டும்.

இப்ப வலது பக்க டயர். நம்ம நாலுவழிச் சாலையில பல இடங்கள்ல வெள்ளைக்கோட்டுக்கு வெளிய இருக்கிற தார் ஓரம் ஒன்றரை மீட்டர்தான். உங்க கார் அகலம் சுமார் 1.7 மீட்டர். அப்படின்னா தார் ஓரத்துலயே நின்னா வலது சக்கரம் ஓடுபாதைக்குள்ள இருக்கும். அங்க உட்கார்ந்து நட்டு கழட்டறது தற்கொலைக்குச் சமம். அதனால காத்து போன டயரோடயே மெதுவா ஓட்டுங்க. ஹசார்டு லைட்டைப் போட்டு, 10, 15 கிலோமீட்டர் வேகத்துல, ஓரத்தை ஒட்டி, சர்வீஸ் ரோடு பிரியற இடம், பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தும் இடம், டோல்கேட் எது கிட்ட இருக்கோ அதுவரைக்கும். டயர் போயிடும், நிச்சயமா. சில நூறு மீட்டர்லயே பக்கச்சுவர் கிழிஞ்சிடும், ரிம்மும் அடிவாங்கலாம். புது டயர் ஐந்தாறாயிரம் ரூபாய். இந்தக் கணக்கை ஓட்டும்போது போட்டுப் பாக்க நேரமிருக்காது, இப்பவே முடிவு பண்ணி வச்சுக்கோங்க.

அரளிச்செடி இருக்கிற நடுத்திட்டு ஓரமா மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒதுங்காதீங்க. வலது டயர் போனா ஸ்டியரிங் அந்தப் பக்கம்தான் இழுக்கும், கையும் அங்கயே போகும்.

சிவப்பு முக்கோணத்தைப் பலர் கார்லேர்ந்து பத்தடி தள்ளி வைக்கிறாங்க. 100 வேகத்துல வர்ற வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் தாண்டும். 50 மீட்டர்ல வச்சாக்கூட ஓட்டுநருக்கு ரெண்டு விநாடி கிடைக்காது. பாத்து, மூளைக்கு உறைச்சு, பிரேக் அடிச்சு நிக்க நல்ல ரோட்டுலயே 100 மீட்டர் பக்கம் வேணும். எனவே 100 மீட்டர், சாதாரண நடையில 130 எட்டு. வளைவு இருந்தா வளைவுக்கு முன்னாடியே. வைக்கப் போகும்போது முக்கோணத்தை விரிச்சு, வர்ற வண்டிகளுக்குத் தெரியற மாதிரி நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு மண் ஓரத்துல நடங்க.

தேசிய நெடுஞ்சாலைன்னா 1033க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. "விழுப்புரம் தாண்டி" என்று சொன்னா அவங்களால கண்டுபிடிக்க முடியாது. கிலோமீட்டர் கல்லுல இருக்கிற எண், அதுக்கு இடையில 200 மீட்டருக்கு ஒண்ணா வர்ற சின்னக் கல்லு, எந்த ஊரை நோக்கிப் போற பக்கம், இந்த மூணையும் சொல்லுங்க. ரோந்து வண்டி வந்து பின்னால நின்னு கூம்பு வச்சதும் டயரைத் தொட்டா போதும். மாநில நெடுஞ்சாலைன்னா 112. யாருக்காவது அடிபட்டிருந்தா 108.

டார்க்ரெஞ்ச் எழுதியது:

நட்டு அசையாததுக்கு உங்க பலம் காரணமில்ல. கணக்கைப் பாருங்க. சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85லேர்ந்து 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான் கம்பெனி சொல்றது (உங்க வண்டியோட சரியான அளவு கையேட்டுல இருக்கும்). 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில 34 கிலோ அழுத்தினா 100 வந்துடும். ஆனா கடையில ஏர் கன்னை வச்சு "டர்ர்"னு விட்டா 200ஐச் சுலபமா தாண்டும். அப்ப அதே ஸ்பேனர்ல 70 கிலோ வேணும். கையால வராது.

60 சென்டிமீட்டர் நீள பவர் பார் (சாக்கெட் மாட்டித் திருகற நீளக் கைப்பிடி) ஒண்ணும், ஆறுமுக சாக்கெட் ஒண்ணும் வாங்குங்க. நட்டு அளவு பெரும்பாலும் 19 மில்லிமீட்டர், சில வண்டிக்கு 21. மாட்டிப் பாத்து வாங்கணும். பன்னிரண்டு முக சாக்கெட் வேண்டாம், இறுகின நட்டோட முனையை மழுக்கிடும். நீளம் ரெண்டு மடங்கானா தேவையான அழுத்தம் பாதியாகும், அவ்வளவுதான் சூட்சுமம். பாரை இடது கைப்பக்கம் கிடைமட்டமா வச்சு உடம்பு எடையால கீழே அழுத்துங்க. மேல் நோக்கி இழுத்தா முதுகு பிடிச்சுக்கும். இறுகின நட்டு விடுபடும்போது "டக்"னு ஒரு சத்தம் வரும். உடைஞ்சிடுச்சோன்னு பயப்பட வேண்டாம்.

முக்கியமானது வரிசை. நாலு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தறது சக்கரம் தரையில இருக்கும்போதே. ஜாக்கி போட்டுத் தூக்கின பிறகு 60 சென்டிமீட்டர் பாரை வச்சு முட்டினா கார் ஜாக்கியிலிருந்து வழுக்கிடும்.

ஜாக்கி வைக்கிற இடம்: கதவுக்குக் கீழ தகட்டு விளிம்பு ஓடும், அதுல சக்கரத்துக்குக் கிட்ட ரெண்டு சின்ன வெட்டு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுலதான் ஜாக்கி தலையோட பள்ளம் உட்காரணும். விரலால தடவினாலே தெரியும். இருட்டுல அதுதான் வழி, அதனால பார்க்கிங்லயே நாலு பக்கமும் தடவிப் பழகிக்கோங்க. மண் ஓரத்துல ஜாக்கி புதையும், சித்திரை வெயில்ல இளகின தார்லயும் புதையும். ஒரு சாண் சதுரத்துல தடிமனான பலகை ஒண்ணு டிக்கியில இருக்கணும். ஸ்டெப்னியை எடுத்ததும் ஜாக்கிக்குப் பக்கத்துல காருக்கு அடியில படுக்க வைங்க. ஜாக்கி சரிஞ்சா கார் அதுமேல உட்காரும், தரையில இல்ல. கழட்டின வீலை அங்க வச்சுட்டு அப்புறம் ஸ்டெப்னியை உருவணும்.

மாட்டும்போது நட்டோட கூம்பான பக்கம் உள்நோக்கி. கையாலயே போற வரை திருகணும். மூணு சுற்றுக்குள்ள இறுகினா மரை மாறிப் போகுதுன்னு அர்த்தம், வெளிய எடுத்துத் திரும்ப மாட்டுங்க. கார் தரைக்கு வந்த பிறகு எதிரெதிரா, குறுக்காக இறுக்குங்க. அடுத்தடுத்து இறுக்கினா வீல் கோணலா உட்கார்ந்து பிறகு நட்டு தளரும். 50லேர்ந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை இறுக்கிப் பாக்கணும். மரையில எண்ணெய் விடாதீங்க: வழுவழுப்பானா அதே அழுத்தத்துக்கு போல்ட் அளவுக்கு மேல இழுபடும்.

வைகைக்கரை எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பவர் பார் வாங்கிட்டு வந்து செஞ்சு பாத்தேன், நட்டு நாலும் வந்துடுச்சு. இப்ப வீல் ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. ரெண்டு கையால இழுத்தாலும் கார்தான் ஆடுது. பயந்து திரும்ப நட்டைப் போட்டு இறக்கிட்டேன்.

ஒட்டுக்கட்டு எழுதியது:

நிறுத்தினது சரி தங்கச்சி. ஜாக்கியில நிக்கிற வண்டியைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. வீலோட நடு ஓட்டை ஹப்புல (வீலை மாட்டற அச்சோட முகப்புல) உட்கார்ற இடத்துல துரு பிடிக்கும். அலாய்னா சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப்பொடி பூத்துப் பிடிச்சுக்கும். மழைக்காலம் ரெண்டு போயும் கழட்டாத வண்டி எல்லாத்துலயும் இருக்கிறதுதான்.

வழி இது. நட்டு நாலையும் கையால போட்டு, கால் சுற்று மட்டும் தளர்வா விடுங்க. வண்டியை இறக்கி ஜாக்கியை எடுத்துடுங்க. நடை வேகத்துல ஒரு மீட்டர் முன்னால, ஒரு மீட்டர் பின்னால, லேசா பிரேக் பிடிச்சு விடுங்க. வண்டி எடையே "கடக்"னு பிரிச்சிடும். அதோட நிறுத்தணும், அந்த நட்டோட ஒரு அடி கூட சாலையில ஓட்டக் கூடாது. அப்புறம் வீலைக் கழட்டி, ஹப்பையும் வீல் ஓட்டையையும் கம்பி பிரஷ்ஷால தேச்சு, நடு விளிம்புல மட்டும் நகக்கண் அளவு கிரீஸ் தடவுங்க. நட்டு உட்கார்ற இடம், போல்ட், பிரேக் டிஸ்க் இதுல கிரீஸ் படவே கூடாது.

இன்னொண்ணு. ஆணி குத்தினா எல்லாரும் உடனே பிடுங்கறாங்க. டியூப்லெஸ் டயர்ல ஆணியே அடைப்பு மாதிரி இருக்கும். பிடுங்கினா ரெண்டு நிமிஷத்துல காத்து போயிடும். சிகரெட் லைட்டர் குழியில சொருகற காத்துப் பம்பு இருந்தா 35 psi (காத்தழுத்த அளவு) வரை அடிச்சு, பக்கத்துக் கடைக்கு மெதுவா வாங்க. ஸ்டெப்னியைத் தொடவே வேண்டாம்.

ஓட்டை சாலையில படற மேல்பரப்புல, 6 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பஞ்சர் போடலாம். பக்கச்சுவர்ல இருந்தா யார் சொன்னாலும் போடாதீங்க. காத்தில்லாம ஓட்டின டயரைக் கழட்டினா உள்ள மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் தூள் கொட்டும். அது பக்கச்சுவர் அரைஞ்சு வந்தது. வெளியே பளபளன்னு இருந்தாலும் அந்த டயர் வேகத்துல வெடிக்கும். கடைக்காரர் வெளியிலிருந்தே திரி சொருகித் தர்றேன்னு சொன்னா, "கழட்டி உள்ளே காட்டுங்க"ன்னு கேளுங்க.

தொப்பூர்இறக்கம் எழுதியது:

டார்க்ரெஞ்ச் சார் எல்லாம் சொன்னார், ஹேண்ட்பிரேக்கையும் கியரையும் விட்டுட்டார். ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது பின்சக்கரம் ரெண்டையும். முன்சக்கர டிரைவ் வண்டியில கியர் பிடிக்கிறது முன்சக்கரத்தை. முன்சக்கரம் ஒண்ணைத் தூக்கிட்டா, டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்தையும் வெவ்வேற வேகத்துல சுத்த விடற கியர் அமைப்பு) வழியா அது சும்மா சுத்தும், கியர் பிடிமானம் போச்சு, ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம். பின்சக்கரம் ஒண்ணைத் தூக்கினா ஹேண்ட்பிரேக் பாதி போச்சு. ஆகவே ரெண்டையும் போடணும், தூக்கற சக்கரத்துக்கு மூலைவிட்டமா எதிர்ல இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு வைக்கணும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்துல ஜாக்கி போடவே போடாதீங்க. டயரைக் கொன்னுட்டாவது சமதளத்துக்கு வந்துடுங்க.

ஓடும்போதே டயர் வெடிச்சா, கால் தானா பிரேக்குக்குப் போகும், அதை அடக்கணும். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு நேராகவே வைங்க, ஆக்ஸிலரேட்டரை மெள்ள விடுங்க, வண்டி தானா 40க்கு இறங்கினதும் இடதுபக்கம் ஒதுங்குங்க. பிரேக்கை மிதிச்சா எடை முழுக்க முன்னால சாயும். நீங்க கேட்ட வலது டயர் பின் டயராவும் இருக்கலாம்கிறதால சொல்றேன், பின் டயர் வெடிச்சு பிரேக் அடிச்சா வால் சுத்திடும்.

ராத்திரியில டிக்கி கதவைத் திறந்தே வைக்காதீங்க. சில கார்கள்ல பின்விளக்கு கதவோடயே மேல போயிடும், பின்னால வர்றவருக்கு இருட்டுதான் தெரியும். தேவையானதை எல்லாம் எடுத்துட்டு மூடிடுங்க.

வைகைக்கரை எழுதியது:

வீல் பிரிஞ்சு வந்துடுச்சு! கம்பி பிரஷ் போட்டுட்டேன். 14 இஞ்ச் ஸ்டெப்னி முன்னால மாட்டலாமா? அதோட காத்து பாத்தேன், 14 psiதான் இருக்கு. டயர் பக்கவாட்டுல 1118னு ஒரு நம்பர் போட்டிருக்கு.

ஒட்டுக்கட்டு எழுதியது:

1118ன்னா 2018ஆம் வருஷம் 11ஆவது வாரம் தயாரிச்சது. டிக்கியில வெயில் படாம இருந்தாலும் ரப்பர் காயும். பக்கச்சுவரை விரலால அழுத்தி வளைச்சுப் பாருங்க, முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அடுத்த மதுரைப் பயணத்துக்கு முன்னாடி மாத்திடுங்க. வெடிப்பு இல்லைன்னாலும் இவ்வளவு பழசை அவசரத்துக்கு மட்டும் வைங்க.

முன்னால மாட்டலாம், 80க்கு மேல போகாம அடுத்த கடை வரைக்கும். சின்ன வீல் பின்னால இருக்கிறது நல்லதுதான், ஆனா அதுக்காக ரோட்டோரத்துல ரெண்டு வீலை மாத்திக்கிட்டு நிக்காதீங்க.

காத்து 14க்கு இறங்கியிருக்குன்னா வால்வு மூடியைக் கழட்டி சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விடுங்க. குமிழி வந்தா வால்வு பின் மட்டும் மாத்தினா போதும், சில்லறைக் காசுதான். வரலைன்னா 35 அடிச்சு வச்சு, ஒரு வாரம் கழிச்சு அளந்து சொல்லுங்க.