19-ஆம் நூற்றாண்டில் குழந்தைகள் மருத்துவமனைக்கு மக்கள் என்னதான் கொடுத்தார்கள்?

செல்வி_கோவை கேட்டது:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு குழந்தைகள் வார்டுக்குப் பொம்மையும் கதைப் புத்தகமும் வாங்கிக் கொடுப்போம். இந்த முறை பஞ்சுப் பொம்மைகளை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். "அதுக்குப் பதிலா பெட்ஷீட்டும் டயப்பரும் வாங்கித் தாங்கம்மா" என்றார் ஸ்டோர்காரர். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. பெட்ஷீட் கொடுத்தால் எந்தப் பிள்ளை சிரிக்கும் என்கிறார்கள்.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனை ஆரம்ப காலத்தில் நன்கொடையிலேயே ஓடியது என்று படித்தேன். அங்கே மக்கள் என்ன கொடுத்தார்கள்? பொம்மை கொடுத்தார்களா? 'பீட்டர் பேன்' சிறுவர் கதையின் உரிமையை அதன் ஆசிரியர் எழுதிக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். அது 1929. அதற்கு முந்தைய காலம்தான் வேண்டும்.

பழையபேப்பர்:

அந்த ஸ்டோர்காரர் 1850-களில் லண்டனில் வேலை பார்த்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார். அந்தக் கால மருத்துவமனை அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் நன்கொடைப் பட்டியல் இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் இந்தப் பழைய காகிதங்களைத்தான் மேய்ந்துகொண்டிருக்கிறேன். பழங்கள், பூக்கள், புத்தகங்கள், பொம்மைகள் எல்லாம் வரும். கூடவே சலிக்காமல் வருவது 'பழைய லினன் துணி'. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, கட்டுப்போட அவ்வளவு தேவைப்பட்டது.

கிரேட் ஆர்மண்ட் தெருக் கதைக்கு வருகிறேன். 1852 பிப்ரவரி 14 அன்று, 49-ஆம் எண் வீட்டில், பத்தே படுக்கைகளோடு திறந்தார்கள். முன்பு ரிச்சர்ட் மீட் என்ற புகழ்பெற்ற மருத்துவர் வாழ்ந்த வீடு அது. ஆரம்பித்தவர் டாக்டர் சார்லஸ் வெஸ்ட். தேவை எவ்வளவு என்பதற்கு ஒரே கணக்கு போதும்: 1843-இல் லண்டன் மருத்துவமனைகளில் எண்ணிப் பார்த்தபோது, இரண்டாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 26 பேர்தான். லண்டனில் ஆண்டுக்குச் சாகும் ஐம்பதாயிரம் பேரில் இருபத்தோராயிரம் பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. அவர்களில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்து செத்தார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு யாரும் பையைத் திறப்பதில்லை. 1858 பிப்ரவரி 9 அன்று நடந்த நிதி விருந்தில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பேசினார். எடின்பரோவின் பழைய குடிசைப் பகுதியில், ஒரு கடையில் தாய் கெஞ்சி வாங்கி வந்த முட்டைப் பெட்டிக்குள் நோயாளிக் குழந்தை ஒன்று படுத்திருந்ததை எடுத்துச் சொன்னார். அழவில்லை, முனகவில்லை, ஏன் இப்படிக் கிடக்கிறேன் என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்ததாம். அந்த இரவே மூவாயிரம் பவுண்டு அளவுக்குச் சேர்ந்தது. ஏப்ரலில் தன் கிறிஸ்துமஸ் கதையைப் பொதுமேடையில் வாசித்தும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் பக்கத்து 48-ஆம் எண் வீட்டை வாங்கிப் படுக்கைகளைக் கூட்டினார்கள்.

பொம்மையும் இருந்தது, இல்லாமல் இல்லை. டிக்கன்ஸின் கடைசி முழு நாவலில் ஜானி என்ற சின்னப் பையனை இந்த மாதிரி மருத்துவமனைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் குட்டிப் பலகை மேடை, அதன்மேல் பொம்மை வீடு, குரைக்கும் கம்பளி நாய், தகரச் சிப்பாய்கள், மரத்தாலான டீ சாமான்கள். ஜானிக்கு நோவாவின் பேழை என்ற படகுப் பொம்மையும், மரக் குதிரையும், மஞ்சள் குருவியும் கிடைக்கும். கதை எப்படி முடிகிறது என்று சொல்ல மாட்டேன், கைக்குட்டையோடு படியுங்கள். கட்டிலின் குறுக்கே அப்படிப் பலகை வைத்து, மேலே பொம்மை பரப்பியிருப்பதை அக்கால வார்டுப் புகைப்படங்களிலும் பார்க்கலாம்.

பொம்மை விஷயத்தில் பெரிய ஆள் என்றால் ஹென்றி லபூஷேர். 1880 வாக்கில் தன் 'ட்ரூத்' பத்திரிகை மூலம் பொம்மை நிதி தொடங்கினார். வாசகிகள் பொம்மைகளுக்குச் சட்டை தைத்து அனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கண்காட்சி, பிறகு அவை மருத்துவமனைகளுக்கும் ஏழை விடுதிகளுக்கும் போகும். கொடுப்பவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஒரு நாள் கிடைத்தது என்பதும் உண்மை!

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு. 'ஆன்ட் ஜூடிஸ் மேகசின்' என்று ஒரு சிறுவர் இதழ், 1866-இல் மார்கரெட் கேட்டி தொடங்கியது. 1868-இல் வாசகப் பிள்ளைகளிடம் காசு சேர்த்து, இதே மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்குப் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டிலின் பெயர் 'ஆன்ட் ஜூடி கட்டில்'. யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று இதழில் பட்டியல் வரும். அந்தக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் வரும். பிறகு ஆண் பிள்ளைகளுக்கு இரண்டாவது கட்டிலும் வந்தது.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைப் பாருங்கள். மருத்துவமனைக்கு வேண்டியது நர்ஸ் சம்பளம், பால், நிலக்கரி, சலவைக் கூலி. இதற்கெல்லாம் காசு கொடு என்றால் யாருக்கு உற்சாகம் வரும்? அதையே ஒரு கட்டிலாக்கி, பெயர் வைத்து, அதில் யார் படுத்திருக்கிறாள் என்றும் சொன்னபோது, எட்டு வயதுப் பிள்ளைகூடச் செலவுக்காசை எடுத்துக் கொடுத்தது. உங்கள் குழுவுக்கு நான் சொல்வதும் இதுதான். பெட்ஷீட்டே கொடுங்கள், ஆனால் 'ஜன்னலோரத்து இரண்டு கட்டில்களுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டியது எங்கள் பொறுப்பு' என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டு மணி:

கட்டிலுக்குப் பெயர் வைப்பதும், கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதுவதும் ஒன்றுதானே சார்?

பழையபேப்பர்:

ஓரளவு ஒன்றுதான், மறுக்கவில்லை. பெரிய பணக்காரர்கள் வைத்த கட்டில்களில் அந்த வாடை நன்றாகவே அடிக்கும். ஆன்ட் ஜூடி பட்டியலில் முதலெழுத்தோ செல்லப்பெயரோ போட்டு அனுப்பிய பிள்ளைகள் நிறைய. அதில் என்ன விளம்பரம்? அப்புறம், பெயரே முன்னால் நிற்காத தானமும் உண்டு: லூயிஸ் கரோல் 1886-இல் தன் 'ஆலிஸ்' சிறுவர் கதையின் கையெழுத்துப் பிரதியை அப்படியே அச்சிட்டபோது, லாபம் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் நோய் தேறும் பிள்ளைகளின் இல்லங்களுக்கும் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார்.

வார்டு சிஸ்டர்:

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள். செல்வி அக்கா, பஞ்சுப் பொம்மையைத் திருப்பியதில் தப்பில்லை. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அதைத் துவைத்துக் காயவைக்கவே முடியாது, அடுத்த பிள்ளை கையில் கொடுக்கவும் முடியாது. மேலே சொன்ன நோவாவின் பேழையைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தக் காலத்துப் பொம்மைப் பெயின்டில் ஈயம் சகஜம், பிள்ளைகள் முதலில் வாயில்தான் வைக்கும்!

அதற்காகப் பொம்மையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஊசி போடும்போது கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் எங்கள் வேலை பாதி குறையும். துடைக்கிற மாதிரி பிளாஸ்டிக், பெரிய துண்டுகளாக உள்ள பில்டிங் பிளாக், அதுதான் சரி. சின்ன பேட்டரி உள்ளது வேண்டவே வேண்டாம், விழுங்கிவிட்டால் ஆபத்து. அந்தக் கட்டில் பலகை யோசனை ரொம்பப் பிடித்தது. டிரிப் ஏறும் பிள்ளை எழுந்து விளையாட முடியாது, மடிமேல் ஒரு பலகை இருந்தால் வரையும், அடுக்கும், சாப்பிடவும் செய்யும். எங்கள் வார்டில் ஐந்து கட்டிலுக்குத்தான் அது இருக்கிறது.

செல்வி_கோவை:

எல்லோருக்கும் நன்றி. பழையபேப்பர் சார் எழுதியதைக் குழுவில் போட்டேன். முட்டைப் பெட்டி வரைக்கும் படித்துவிட்டு இரண்டு பேர் உடனே பணம் அனுப்பிவிட்டார்கள், டிக்கன்ஸ் இன்னும் வசூல் செய்கிறார். கட்டில் யோசனையைக் கேட்டுப் பார்க்கப் போகிறோம். சிஸ்டர், பெட்ஷீட் என்ன அளவு, வெள்ளையா கலரா?

வார்டு சிஸ்டர்:

சிங்கிள் அளவு, சுத்தப் பருத்தி, கலர் போகாததாக. வெள்ளை வேண்டாம் அக்கா, யானை, மீன் போட்டது கிடைத்தால் வாங்குங்கள். வாங்கும் முன் அங்கே ஸ்டோரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் நிறம் குறிப்பிட்டே கேட்பார்கள்.