நடை தள்ளாடிய பிள்ளைக்கு ஏ.எஃப்.பி. பரிசோதனை: உங்களுக்கு எப்படி இருந்தது?

மகன் நடக்கத் தொடங்கியதிலிருந்தே தள்ளாட்டம்தான். வளர வளரச் சரியாகும் என்றார்கள். நாலு வயதுக்கு மேல் பேச்சும் குழறியது. பெருமூளை வாதம் என்றுகூட ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்த நரம்பியல் டாக்டர், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஓடிய மெல்லிய சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் (ஏ.எஃப்.பி.) என்ற ரத்தச் சோதனை எடுக்கச் சொன்னார். 10-க்குள் இருக்க வேண்டியது, 160 வந்தது. இணையத்தில் தேடினால் எங்கு பார்த்தாலும் கல்லீரல் புற்றுநோய்! அந்த ராத்திரியை எப்படிக் கடந்தோமோ.

டாக்டர் சொன்னது வேறு. இது கருவில் இருக்கும்போது கல்லீரல் நிறையச் சுரக்கும் புரதம். பிறந்தபின் தானாக இறங்கிவிட வேண்டும். ஏ.டி.எம். மரபணு பழுதாவதால் வரும் அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா (நடைத் தள்ளாட்டமும் கண்ணில் சிவப்புக் கோடுகளும் வரும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் பெரும்பாலோருக்கு அது இறங்காமலே நிற்கும். பிறகு மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது. என்னைக் கேட்டால், காரணம் தெரியாமல் தள்ளாடும் பிள்ளைக்கு இந்த எளிய ரத்தச் சோதனையை முதலிலேயே எடுத்துவிடலாம். இந்த நோயில் கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது. மூளையைப் படமெடுக்க வேண்டுமானால் கதிர்வீச்சு உள்ள சி.டி.யைத் தவிர்த்து எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் நல்லது. இந்த நோயில் எதிர்ப்புச் சக்தியும் குறையலாம் என்பதால், இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவையும் பார்த்தார்கள்.

*பதில்:* என் தம்பிக்குத் தள்ளாட்டம் வந்தது பதினாறு வயதில். ஏ.எஃப்.பி. கூடியிருந்ததால் கட்டி இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப வயிற்று ஸ்கேன். ஒன்றும் இல்லை. கடைசியில் செனாடாக்சின் மரபணுக் கோளாறு என்று தெரிந்தது, அதாவது ஏ.ஓ.ஏ.2 என்ற, தள்ளாட்டம் தரும் இன்னொரு பரம்பரை நோய். அதிலும் இந்தப் புரதம் கூடுமாம். நடையைப் பார்த்தவரும் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தவரும் ஒருமுறை பேசியிருந்தால் போதும்!

*பதில்:* என் பெண்ணுக்கு எட்டு மாதத்தில் எடுத்தபோது கூடுதலாக வந்து, பயந்தே போனோம். அந்த வயதில் அது இயல்பாகவே கூடுதலாக இருக்குமாம். இரண்டு வயது தாண்டி மறுபடி எடுத்தோம், சாதாரணம்தான். பெரியவர்களுக்கான அளவை வைத்துக் குழந்தையின் ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள்.

*பதில்:* முதலில் எழுதியவருக்கு: பிள்ளையின் அம்மாவும் மார்பகப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கட்டும். இந்த நோய் உள்ள பிள்ளையின் அம்மாவுக்குப் பொதுவாக ஏ.டி.எம். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருக்கும்; அப்படிப்பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எங்களுக்கு இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை, மரபணு ஆலோசகரிடம் கேட்டபிறகுதான் தெரிந்தது.